மியூசியத்துக்காக அடித்த பெயிண்ட்

என் பெயர் இதுவரை மூன்று இடத்தில்தான் எழுதப்பட்டிருக்கிறது. ரேஷன் கார்டு, கரண்ட் பில், பட்டறை வாசலில் தொங்குகிற போர்டு. போர்டில் பாதி எழுத்து வெயிலில் உரிந்துவிட்டது. என் மச்சான், அதாவது என் வீட்டுக்காரியின் அண்ணன், கோவில்பட்டியில் பெயிண்டுக் கடை வைத்திருக்கிறார். அவர் பெயர் இல்லாத இடம் ஊரில் இல்லை. கோயில் டியூப்லைட்டில் வெளிச்சத்தை மறைத்துக்கொண்டு அவர் பெயர். பஸ் நிறுத்தத்துச் சிமெண்டு பெஞ்சில், சரியாக முதுகு சாய்கிற இடத்தில் அவர் பெயர். பள்ளிக்கூடத்துத் தண்ணீர்த் தொட்டியில் நாலடி உயரத்துக்கு அவர் பெயர். இதை நான் பொறாமையில் சொல்லவில்லை என்று எழுதத்தான் நினைத்தேன். பொறாமைதான்.

நான் மெக்கானிக். தீப்பெட்டி ஆபீஸ்களில் மெஷின் ரிப்பேர் பார்ப்பவன். எங்கள் பக்கம் தீப்பெட்டித் தொழிற்சாலையை ஆபீஸ் என்றுதான் சொல்வோம். நான் வேலை பார்த்த ஆபீஸ் ஒன்றை மூடியபோது, அங்கிருந்த குச்சி வெட்டுகிற மெஷினை முதலாளி எனக்கே கொடுத்துவிட்டார். மரத்தைத் தகடு தகடாகச் சீவி அடுக்கிக் கொடுத்தால், கத்தி மேலும் கீழும் போய்த் தீக்குச்சியாக வெட்டித் தள்ளும். பெரிய வார்ப்பிரும்புச் சக்கரம், பக்கவாட்டில் ஒரு லிவர். லிவரை இழுத்தால் கத்தி ஓடும், தள்ளினால் நிற்கும். அதைப் பட்டறைக்குப் பின்னால் வேப்பமரத்தடியில் போட்டேன். மழைக்குக் கரிசல் மண்ணில் அரை அடி புதைந்தது. அத்தோடு மறந்துவிட்டேன்.

போன வருஷம் சென்னையிலிருந்து ஒரு பெண் வந்தார். ஒரு மியூசியத்தில் அதிகாரி. தொழில் சம்பந்தப்பட்ட பழைய சாமான்களைச் சேர்க்கிற மியூசியமாம். தீப்பெட்டிக்கென்று ஒரு அறை திறக்கப் போகிறார்களாம். மெஷினைச் சுற்றிச் சுற்றி வந்தார். லிவர் கைப்பிடியில் யாரோ பழைய சேலைத்துணியைக் கிழித்துச் சுற்றியிருந்தார்கள். எண்ணெயும் அழுக்கும் ஏறி அது துணியா தோலா என்று தெரியாது. அதை மட்டும் ஏழெட்டுத் தடவை போட்டோ எடுத்தார். எனக்கு மானம் போயிற்று. வீட்டைப் பார்க்க வந்தவர் கக்கூஸைப் படம் பிடித்தால் எப்படி இருக்கும்?

"நல்ல பீஸ் சார். ரெண்டு மாசத்துல பேப்பரோட வந்து எடுத்துக்கறோம். அதுவரைக்கும் அப்படியே இருக்கட்டும். எதையும் தொட வேண்டாம்" என்றார்.

"குடுக்கிறவங்க பேரைப் போடுவீங்களா?" என்று கேட்டேன். வேறு எதையும் கேட்கத் தோன்றவில்லை.

"கண்டிப்பா சார். பக்கத்துல போர்டு வைப்போம்."

தலைநகரத்தில், கண்ணாடிக்குப் பக்கத்தில், என் பெயர். மச்சானின் டியூப்லைட் ஆறு மாதத்தில் பியூஸ் போகும். இது போகாது.

அந்தப் பெண் கிளம்பும்போது என் வீட்டுக்காரி காப்பி கொண்டு வந்தாள். "ஐயோ, வேண்டாம்மா, இப்பதான் குடிச்சேன்" என்றார். டம்ளரைக் கையில் திணித்தோம். முழுவதும் குடித்தார். இன்னொரு அரை டம்ளரும் குடித்தார். நான் அதைக் கவனித்துக்கொண்டேன். எங்கள் ஊரில் வீட்டுக்கு வருகிறவர்கள் செருப்பைக் கழற்றும்போதே 'ஒண்ணும் வேண்டாம்' என்பார்கள். சரி என்று சும்மா உட்கார்ந்துவிட்டால் அன்றோடு உறவு முடிந்தது. வேண்டாம் என்பது மரியாதைக்குச் சொல்வது. செய்வது நம் பொறுப்பு. 'அப்படியே இருக்கட்டும், தொட வேண்டாம்' என்றதையும் நான் அந்தக் கணக்கில்தான் சேர்த்தேன். இந்த முட்டாள்தனத்தைச் செய்ய ஐம்பத்தெட்டு வயது வரை நான் எங்கேயும் பயிற்சி எடுக்கவில்லை. தானாகவே வந்தது.

அடுத்த மாதம் என் வீட்டுக்காரியின் சித்தி மகளுக்குச் சென்னையில் வளைகாப்பு. எனக்கு வளைகாப்பில் ஒரு வேலையும் கிடையாது. ஆனால் மியூசியத்தைப் பார்த்துவிடலாம் என்று கூடப் போனேன். பையில் துண்டு, மாத்திரை, பட்டறையில் அளக்கிற இஞ்ச் டேப்.

முதலில் அந்தப் பெண் வேலை பார்க்கிற மியூசியத்துக்கே போனோம். அன்றைக்கு அவர் லீவு. டிக்கெட் எடுத்து உள்ளே போனதும் எனக்குக் கோபம் வந்துவிட்டது. முதல் அறையில் ஒரு அச்சு மெஷின். உருளையில் மை காய்ந்து கருவாடு மாதிரி வெடித்திருந்தது. அடுத்தது ஒரு தறி, அதன் பலகையில் எவனோ கரியால் கிறுக்கியிருந்தான். மூன்றாவதாக ஒரு தச்சு மேசை, மேலெல்லாம் உளி வெட்டு. ஒரு தொழிலாளி போட்ட காக்கிச் சட்டையை எண்ணெய்க் கறையோடு ஆணியில் மாட்டி, அதற்குக் கண்ணாடிப் பெட்டி வேறு, உள்ளே லைட் வேறு.

"துவைச்சுப் போட ஒரு ஆளு இல்லையா?" என்றேன்.

"மெதுவாப் பேசுங்க" என்றாள் என் வீட்டுக்காரி. "எல்லாரும் பாக்காவ."

"பாக்கட்டும். டிக்கெட் வாங்கத் தெரியுதுல்லா?"

பிறகு போர்டுகளைப் பார்த்தேன். ஒவ்வொன்றின் அடியிலும் 'வழங்கியவர்' என்று ஒரு பெயர். எழுத்து சிறியது. தூரத்திலிருந்து வாசிக்க முடியாது. டேப்பை எடுத்து அளந்தேன். ஒன்றேகால் அடிக்கு முக்கால் அடி. எழுத்தின் உயரத்தை அளக்கக் குனிந்தபோது காவலாளி வந்துவிட்டார்.

"சார், என்ன பண்றீங்க?"

"அளக்கேன்."

"அளக்கக் கூடாது சார்."

"தொடக் கூடாதுன்னுதான எழுதியிருக்கு? அளக்கக் கூடாதுன்னு எங்க எழுதியிருக்கு?"

அவர் என் வீட்டுக்காரியைப் பார்த்து, "இவர் உங்ககூட வந்தவரா?" என்று கேட்டார். அவள் கொஞ்ச நேரம் யோசித்தாள். முப்பத்திரண்டு வருஷம் குடும்பம் நடத்தியவள் யோசித்தாள். பிறகு, "ஆமா, நான் கூட்டிட்டுப் போயிருதேன்" என்றாள்.

போகிற வழியில் வாசலில் ஒரு நோட்டு வைத்திருந்தார்கள். பார்த்தவர்கள் கருத்து எழுதலாமாம். எல்லோரும் 'அருமை', 'மிகவும் பயனுள்ளது' என்று எழுதியிருந்தார்கள். நான் ஒரு முழுப் பக்கம் எழுதினேன். இரும்பை இப்படி அழுக்காக வைப்பது இரும்புக்குச் செய்கிற அவமானம் என்று எழுதினேன். ரெண்டு லிட்டர் மண்ணெண்ணெயும் ஒரு கட்டு உப்புத்தாளும் கொடுத்தால் நானே இரண்டு நாளில் எல்லாவற்றையும் புதுசாக்கித் தருகிறேன் என்று எழுதினேன். கீழே பெயர், ஊர், செல் நம்பர்.

மறுநாள் இன்னொரு மியூசியம். ரயில் எஞ்சின்களையும் பெட்டிகளையும் திறந்த வெளியில் நிறுத்தியிருக்கிற இடம். உள்ளே காலை வைத்ததும் என் கோபம் தணிந்தது. கறுப்பு உடம்பு, சிவப்புச் சக்கரம், ஓரத்தில் மஞ்சள் கோடு, பித்தளையில் முகம் பார்க்கலாம். சின்ன வயதில் மணியாச்சியில் ரயில் மாறும்போது எஞ்சினைப் பக்கத்தில் போய்ப் பார்த்திருக்கிறேன். அது ஒரு நாளும் இப்படி இருந்ததில்லை. கரியும் சேறுமாக இருக்கும், தொட்டால் சட்டை போகும். அதை நினைத்தவனுக்கு, அப்போதாவது புத்தி கொஞ்சம் அசைந்திருக்க வேண்டாமா? அசையவில்லை. 'இதுதான் மியூசியம்' என்று வீட்டுக்காரியிடம் சொன்னேன்.

ஒரு பெட்டிக்குப் பக்கத்தில் ஒருவர் டப்பாவும் பிரஷ்ஷுமாக உட்கார்ந்து பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தார்.

"வருஷா வருஷம் அடிப்பீங்களா?" என்று கேட்டேன்.

"ஆமா சார், வருஷா வருஷம். வெளில நிக்குதுல்ல, மழை ஊத்துது. இல்லாட்டி ஓட்டை விழுந்துடும்."

அவர் சொன்னதில் முதல் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டு ஊருக்கு வந்தேன்.

வந்த மறுநாளே ஜாக்கி வைத்து மெஷினை மண்ணிலிருந்து தூக்கினேன். மண்ணெண்ணெய் விட்டுக் கழுவினேன். கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்தேன். பக்கத் தகட்டில் ஆணியால் கீறிய கோடுகள் நூற்றுக்கணக்கில் இருந்தன. எத்தனை கட்டு வெட்டினோம் என்பதற்கு வேலையாட்கள் போட்ட அடையாளம். பட்டி வைத்து அடைத்து, உப்புத்தாள் போட்டு, கன்னம் மாதிரி வழவழவென்று ஆக்கினேன். லிவரில் சுற்றியிருந்த துணியைப் பிளேடால் அறுத்து எடுத்தேன். உள்ளே வெல்டிங் வைத்த இடம் முள்ளு முள்ளாக நின்றது. உடைந்த லிவரை ஒட்டிவிட்டு, பிசிறைத் தேய்க்காமலே விட்டிருக்கிறான். எந்த வீணாய்ப்போனவன் பார்த்த வேலை இது என்று வாய்விட்டுத் திட்டினேன். கிரைண்டரை வைத்தேன். பத்து நிமிஷத்தில் குழவிக்கல் போல ஆகிவிட்டது. துணியைக் குப்பையோடு போட்டுக் கொளுத்தினேன்.

மச்சான் கடையில்தான் பெயிண்ட் வாங்கினேன். எதற்கென்று கேட்டார். "ஆயுதபூஜைக்கு" என்றேன்.

"ஆயுதபூஜைக்கு இன்னும் நாலு மாசம் கெடக்கே மாப்ள."

"முன்கூட்டியே அடிச்சா காயும்லா" என்றேன்.

கயத்தாறில் லாரிகளுக்குப் பெயிண்ட் அடித்து எழுதுகிற ஒருவரைக் கூட்டி வந்தேன். உடம்புக்குப் பச்சை, சக்கரத்துக்குச் சிவப்பு, சக்கரத்தின் ஆரக்கால்களுக்கு வெள்ளி நிறம். அவருக்குக் கை நிற்காது. சக்கரத்தின் நடுவில் ஒரு தாமரை வரைந்தார். கத்திக்கு மேலே இரண்டு மயில். வேண்டாம் என்றுதான் சொன்னேன், ஆனால் முடிந்த பிறகு எனக்கே பிடித்துவிட்டது. முன்பக்கம், மஞ்சளில், சிவப்பு நிழல் கொடுத்து, 'அன்பளிப்பு' என்று போட்டு என் பெயரை எழுதச் சொன்னேன். அவர்கள் வைக்கிற முக்கால் அடிப் போர்டை நம்ப நான் தயாராக இல்லை.

என் வீட்டுக்காரி இடுப்பில் கை வைத்துக்கொண்டு பார்த்தாள். "அந்தப் பொண்ணு தொட வேண்டாம்னு சொன்னாவளே" என்றாள்.

"காப்பியும்தான் வேண்டாம்னு சொன்னாவ."

சொன்னபடி அந்தப் பெண் வந்தார். நான் மெஷின்மேல் ஒரு வெள்ளை வேட்டியைப் போர்த்தி வைத்திருந்தேன். மந்திரி சிலை திறக்கிற மாதிரி இழுத்தேன். அவர் சந்தோஷத்தில் வாயடைத்துப் போய்விட்டார் என்று நினைத்தேன். மெதுவாகப் பக்கத் தகட்டுக்குப் போய், விரலால் தடவிப் பார்த்தார். பிறகு லிவரைப் பார்த்தார்.

"துணி எங்க சார்?"

"எரிச்சுட்டேன் மேடம். நாத்தம்."

அவர் அங்கே கிடந்த டயர்மேல் உட்கார்ந்துவிட்டார். "அந்தத் துணிக்காகத்தான் சார் இந்த மெஷினைக் கேட்டதே. மெஷின் மூணு இடத்துல கிடைக்கும். அதை ஓட்டுன கை எங்கயும் கிடைக்காது."

மாட்டிக்கொள்ளும்போது வழக்கமாகச் செய்கிறதைச் செய்தேன். சத்தம் போட்டேன். "ரயிலுக்கெல்லாம் வருஷா வருஷம் அடிக்காங்களே. நான் கண்ணால பாத்துட்டு வந்தேன். அது மியூசியம் இல்லையா?"

"அது மழைல நிக்குது சார். காப்பாத்தறதுக்கு அடிக்கிறாங்க. இதை நாங்க அறைக்குள்ள வைக்கப் போறோம்."

"இதை முதல்லயே சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே?"

"அன்னிக்கே சொன்னேனே சார். தொடாதீங்கன்னு."

"அதை நெசமாவே சொல்லுதீங்கன்னு எங்களுக்கு எப்படித் தெரியும்?"

அவர் என்னை விசித்திரமாகப் பார்த்தார். பிறகு ஏதோ ஞாபகம் வந்தவராக, "எங்க விசிட்டர்ஸ் நோட்டுல மண்ணெண்ணெய், உப்புத்தாள்னு ஒரு பக்கம் எழுதினது நீங்கதானா?" என்று கேட்டார். நான் மயிலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். என் வீட்டுக்காரி உள்ளேயிருந்து, "அவியதான்" என்றாள்.

பேப்பரில் கையெழுத்து வாங்கவில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்று போய்விட்டார். காப்பி குடித்துவிட்டுத்தான் போனார்.

இரண்டு நாள் மெஷின் பக்கமே நான் போகவில்லை. மூன்றாம் நாள் ஒரு யோசனை வந்தது. துணிதானே வேண்டும்? மெஷினை ஓட்டியவள்தான் அதைச் சுற்றியிருப்பாள், அவள் உயிரோடுதான் இருக்கிறாள். அந்த மெஷினைப் பல வருஷம் ஓட்டிய பெண், ஆபீஸ் மூடிய பிறகு எப்போதும்வென்றான் என்கிற ஊருக்குப் பக்கத்தில் தன் கிராமத்தில் ஆடு மேய்த்துக்கொண்டு, கொஞ்சம் உளுந்தும் போட்டுக்கொண்டிருந்தாள். அதே கை, அதே மாதிரிப் பழைய சேலை. சுற்றச் சொல்லி, மேலே பட்டறை எண்ணெயைத் தடவினால் யாருக்குத் தெரியும்? இது ஏமாற்று வேலை என்று தோன்றியது. பைக்கை எடுத்துவிட்டேன்.

காட்டில் ஆடுகளோடு நின்றாள். விஷயத்தைச் சொன்னேன். சென்னை, மியூசியம், போர்டு, என் பெயர், எல்லாம். முகத்தில் அசைவு இல்லாமல் கேட்டாள். ஒரு ஆட்டை மட்டும் நடுவில் திட்டினாள்.

"அந்தத் துணி என்னத்துக்குச் சுத்துனதுன்னு ஒங்களுக்கு ஞாபகம் இருக்கா அண்ணாச்சி?" என்று கேட்டாள்.

"கை வழுக்காம இருக்க."

"வழுக்காம இருக்கவா?" அவள் வலது கையை விரித்துக் காட்டினாள். உள்ளங்கையின் குறுக்கே ஒரு வெள்ளைத் தழும்பு. "லிவரு ஒடஞ்சு போச்சு. நீங்கதான வந்து வெல்டிங் பத்த வச்சிய? பூரா முள்ளு. இழுத்தா கையில ரத்தம் வருது, தேச்சுக் குடுங்கன்னு சொன்னேன். 'இன்னொரு ஆபீஸ்ல மெஷின் நிக்கி, நான் போகணும், ஒரு துணியச் சுத்திக்கோட்டி'ன்னு சொல்லிட்டுப் போனிய. அடுத்த தடவ வந்தப்பவும் சொன்னேன். அதுக்கடுத்த தடவ நான் சொல்லல."

எனக்கு ஞாபகம் வரவில்லை. அதுதான் மோசம். ஞாபகம் வந்திருந்தால் ஒரு காரணமாவது சொல்லியிருப்பேன். முந்தின மாதம் அந்த வெல்டிங்கைப் பார்த்து வாய்விட்டுத் திட்டியது மட்டும் நன்றாக ஞாபகம் வந்தது. பத்து நிமிஷ வேலை. கிரைண்டர் வைத்த சத்தம்கூடக் காதில் கேட்டது.

"இப்பத் தேச்சுட்டேன்" என்றேன்.

"நல்லதாப் போச்சு" என்றாள். "இனி மயிலு வந்து ஓட்டட்டும்." மயிலைப் பற்றியும் நான்தான் பெருமையாகச் சொல்லியிருந்தேன்.

சேலைத்துணி கேட்கிற தைரியம் போய்விட்டது. பைக்கைத் திருப்பினேன். பின்னாலிருந்து கூப்பிட்டு, "மோரு குடிச்சிட்டுப் போங்க அண்ணாச்சி" என்றாள். வேண்டாம் என்றேன். அவள் நிஜமாகவே விட்டுவிட்டாள்.

வீட்டுக்கு வந்து சென்னைக்குப் போன் போட்டேன். நல்லவன் ஆகிவிட வேண்டும் என்று ஒன்றுமில்லை. நெஞ்சுக்குள் வைத்துக்கொண்டு சாப்பிட முடியவில்லை, அவ்வளவுதான். துணி ஏன் வந்தது, யார் சுற்றினாள், யார் சுற்ற வைத்தான், எல்லாவற்றையும் சொன்னேன். அந்தப் பெண் எழுதிக்கொண்டே கேட்டார். பேனா ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது.

"சார், மெஷினை வெளி முற்றத்துல வைக்கலாம்" என்றார் கடைசியில். "குழந்தைங்க தொட்டுப் பார்க்கட்டும், சக்கரத்தைச் சுத்தட்டும். கத்தியைக் கழட்டிடுங்க, உங்க பேர் எழுதினதையும் அழிச்சுடணும், முற்றத்துல பேர் போடறதில்ல. அறைக்குள்ள, நான் எடுத்த துணி போட்டோவைப் பெரிசாப் போட்டு வைக்கறேன். அந்தம்மாவை நேர்ல போய்ப் பார்த்து, சம்மதிச்சா அவங்க பேரைப் போட்டு, அவங்க சொன்னதையே கீழே எழுதுவேன்."

"எழுதுங்க" என்றேன்.

"அதுல மெக்கானிக் வருவார். உங்க பேரைப் போடலாமா? வேண்டாம்னா 'ஒரு மெக்கானிக்'னு போட்டுக்கறேன்."

என் வீட்டுக்காரி பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். தலைநகரத்தில், கண்ணாடிக்குப் பக்கத்தில், பிசிறைத் தேய்க்காமல் போனவன் என்று என் பெயர். பள்ளிப் பிள்ளைகள் வரிசையில் நின்று வாசிக்கும். மச்சானும் ஒரு நாள் போய் வாசிப்பார், வந்து ஊருக்கெல்லாம் சொல்வார். நான் யோசித்தேன். ரொம்ப நேரம் யோசித்தேன் என்று எழுத ஆசைதான்.

"போடுங்க மேடம்" என்றேன். "இனிஷியலையும் சேர்த்துப் போடுங்க. அதே பேருல கயத்தாறுல இன்னொரு பட்டறைக்காரன் இருக்கான். அவன்னு நெனச்சிரக் கூடாது."